நீர் ஏறிய காடு

1964 பிப்ரவரி 1 அன்று சூரினாமின் அஃபோபாகா அணையில் மதகுகள் மூடப்பட்டன. தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில், கயானாவுக்கும் பிரெஞ்சு கயானாவுக்கும் நடுவே உள்ள சிறிய நாடு சூரினாம். அப்போது அது நெதர்லாந்து முடியாட்சிக்கு உட்பட்டிருந்தது. தடுக்கப்பட்ட சூரினாம் ஆறு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறியது. பள்ளத்தாக்கை நிரப்பி, குன்றுகளைத் தீவுகளாக்கி, ஏறக்குறைய 1,500 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை விழுங்கியது. ஏரி முழு மட்டத்தை எட்ட 1971 ஆயிற்று. மரங்களை யாரும் முன்கூட்டி வெட்டி எடுக்கவில்லை. நின்ற நிலையிலேயே காடு மூழ்கியது. இலையும் கட்டையும் நீருக்கடியில் அழுகி எழுப்பிய நச்சு வாயுவால் அணையில் வேலை செய்தவர்கள் முகமூடி அணிய வேண்டி வந்தது.

குடிநீருக்கோ பாசனத்துக்கோ கட்டிய அணை அல்ல இது. அலுமினியத்துக்காகக் கட்டியது. அமெரிக்காவின் அல்கோவா நிறுவனம் 1916-லேயே சூரினாமின் பாக்சைட்டைத் தேடி வந்துவிட்டது. தாதுவை அங்கேயே உருக்கி உலோகமாக்க மலிவான மின்சாரம் ஏராளமாகத் தேவைப்பட்டது. 1958-இல் அந்த நிறுவனமும் சூரினாம் அரசும் புரோகோபொண்டோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மின்சாரத்தின் பெரும்பகுதி பரானாம் என்ற இடத்து உருக்காலைக்குப் போனது. திட்டத்தை வகுத்த பொறியாளர் வான் பிளொமெஸ்டைனின் பெயரையே ஏரிக்கு வைத்தார்கள்.

பள்ளத்தாக்கில் மனிதர்கள் இருந்தார்கள். கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பிக் காட்டுக்குள் ஓடிய ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த சரமாகா மக்கள் அந்த ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தார்கள். டச்சுக்காரர்களோடு பல்லாண்டு போரிட்டு, 1762-இல் சமாதான உடன்படிக்கை செய்து, தங்கள் விடுதலையை எதிரியே ஒப்புக்கொள்ளச் செய்தவர்கள் அவர்கள். அணைக்காகச் சுமார் 6,000 பேர் ஊரைவிட்டுக் கிளம்ப நேர்ந்தது. கான்சே என்ற பெரிய ஊரும், அதன் தேவாலயமும், பயிர் வைத்த நிலமும், முன்னோரைப் புதைத்த மண்ணும் நீருக்குள் போயின. வரிசை வரிசையாக அமைத்த புதுக் குடியிருப்புகளில் அவர்களைக் குடியேற்றினார்கள். கிடைத்த இழப்பீடு மிக அற்பம்.

காட்டு விலங்குகளுக்கு அந்த அற்ப ஏற்பாடும் இல்லை. மானும் பெக்காரிப் பன்றியும் ஓடிப் பார்த்தன. ஓடிய இடம் தீவாகிச் சுருங்கியது. ஆர்மடில்லோக்கள் மேட்டிலிருந்து மேட்டுக்கு நீந்தின. எல்லாவற்றையும்விட இக்கட்டில் சிக்கியவை மரத்தின் உச்சியில் இருந்த ஸ்லாத்கள்.

ஸ்லாத்தைத் தமிழில் சிலர் தேவாங்கோடு சேர்த்துவிடுவதுண்டு. இரண்டுக்கும் உறவில்லை. தேவாங்கு குரங்கினத்துக்கு உறவு. ஸ்லாத்துக்கு நெருங்கிய சொந்தங்கள் தென் அமெரிக்காவின் எறும்புதின்னியும் ஆர்மடில்லோவும்தான். முன்னங்கால்களில் மூன்று நகம் உள்ளவை ஒரு குடும்பம், இரண்டு நகம் உள்ளவை இன்னொரு குடும்பம். சூரினாமில் இரண்டும் உண்டு. மூவிரல் ஸ்லாத் கிட்டத்தட்ட இலையை மட்டுமே உண்டு வாழ்கிறது. இலையில் சத்து குறைவு, செரிப்பது கடினம். பல அறைகள் கொண்ட வயிற்றில் ஒரு வேளை உணவு முழுதும் செரித்து முடிய வாரக்கணக்கில் ஆகும். கிடைக்கும் சொற்ப ஆற்றலை வீணாக்காமல் இருக்க உடலின் சூட்டைக்கூடச் சூழலுக்கேற்ப ஏற்றி இறக்கிக்கொள்கிறது. தசையும் மற்ற பாலூட்டிகளுக்கு இருப்பதைவிடக் குறைவு. வாரத்துக்கு ஒரு முறை மலம் கழிக்க மட்டும் மரத்தடிக்கு இறங்கி வரும். மற்ற நேரமெல்லாம் அதற்கு உலகம் என்பது கிளைகளின் மேல்தான்.

வெள்ளம் வரும்போது இப்படிப்பட்ட பிராணி என்ன செய்யும்? மேலே ஏறும். நீர் இன்னும் ஏறினால் இன்னும் மேலே ஏறும். அதற்கு நீந்தவும் தெரியும். தரையில் நகர்வதைவிட நீரில் அது வேகமாகவே போகும். ஆனால் கரை கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லாத ஏரியில் எந்தப் பக்கம் நீந்துவது? வேர் மூழ்கிய மரம் சில மாதங்களில் இலை உதிர்த்துவிடும். மொட்டைக் கிளையில் தொங்கியபடி ஸ்லாத் பட்டினி கிடக்கும்.

ஸ்லாத்களைக் காப்பாற்ற மனிதர் செய்த முயற்சிகளின் வரலாறு இப்படிப்பட்ட ஏரிகளோடு பின்னிக்கிடக்கிறது. இந்தப் பிராணியைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் கணிசமான பங்கு, எங்கோ ஓர் ஆற்றை மறித்துக் காட்டை மூழ்கடித்ததன் விளைவாகக் கிடைத்தது. அந்த அறிவுக்குக் கொடுத்த விலை மிகப் பெரியது. அதை எதற்குப் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் ஏரியால் வீடிழந்த மக்களும் இருந்தார்கள்.

இந்த ஏரிகளுக்கு முன்பிருந்த காலத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். ஐரோப்பியர் ஸ்லாத்தைப் பார்த்த நாள் முதல் இழிவாகவே எழுதினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் வரலாற்றாசிரியர் ஒவியேதோ அதை உலகிலேயே பயனற்ற பிராணிகளில் ஒன்றாகச் சித்திரித்தார். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பெரும் இயற்கையியலாளர் புஃபோன், இயற்கை அரைகுறையாக உருவாக்கிய உயிர் என்றும் துன்பப்படவே பிறந்தது என்றும் முடிவு கட்டினார். பிடித்து வந்து தரையில் விடப்பட்ட பிராணி தவழ முடியாமல் திணறுவதை வைத்து எழுந்த முடிவுகள் இவை. மரத்தில் அது எப்படி வாழ்கிறது என்று பொறுமையாகப் பார்த்தவர்கள் அரிது.

அப்படிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் சார்லஸ் வாட்டர்ட்டன். கயானாக் காடுகளில் அலைந்து திரிந்தவர். 1825-இல் வெளிவந்த தன் பயண நூலில், ஸ்லாத்தை எடைபோட வேண்டிய இடம் கிளைதான், அங்கே அது தன் வீட்டில் இருக்கிறது என்று வாதாடினார். தன் அறையிலேயே ஒரு ஸ்லாத்தை மாதக்கணக்கில் வைத்துக் கவனித்தார். எஸ்ஸெகிபோ ஆற்றங்கரையில் தரையில் கிடந்த ஒரு பெரிய இருவிரல் ஸ்லாத்துக்கு அவர் நீண்ட கம்பை நீட்டினார். அது பற்றிக்கொண்டது. அப்படியே தூக்கிப்போய் உயர்ந்த மரமொன்றில் சேர்த்தார். வியக்கும் வேகத்தில் ஏறி அது காட்டுக்குள் மறைந்ததை எழுதியிருக்கிறார். எழுத்தில் பதிவான முதல் ஸ்லாத் மீட்புகளில் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

தனி மனிதரின் கருணைச் செயலாக இருந்த மீட்பு, பெரும் அணைகளின் நூற்றாண்டில் பெரும் வேலையாக மாறியது. பனாமா கால்வாய்க்காக 1913-இல் சாக்ரெஸ் ஆற்றைக் காத்தூன் என்ற இடத்தில் மறித்தார்கள். அன்றைய உலகின் மிகப் பெரிய செயற்கை ஏரி உருவாயிற்று. சுற்றிலும் காடு மூழ்க, பாரோ கொலராடோ என்ற குன்று மட்டும் தீவாக மிஞ்சியது. அங்கே யாரும் எந்த விலங்கையும் மீட்கவில்லை. தப்பி மேடேறியவை பிழைத்தன. 1923-இல் அந்தத் தீவை ஆய்வுக்காக ஒதுக்கினார்கள். பின்னர் ஸ்மித்சோனியன் நிறுவனம் அதன் பொறுப்பை ஏற்றது. வெப்பமண்டலக் காட்டைப் பற்றி உலகிலேயே மிக அதிகமாக ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று அது.

ஆப்பிரிக்காவில் ஜாம்பெசி ஆற்றின் கரிபா அணை 1958 டிசம்பரில் மூடப்பட்டபோது கதை வேறு மாதிரிப் போயிற்று. ரூபர்ட் ஃபாதர்கில் என்ற வனக் காப்பாளரின் தலைமையில் ஒரு சிறு குழு படகுகளில் இறங்கி, தீவுகளில் சிக்கிய 6,000-க்கும் மேற்பட்ட விலங்குகளைக் கரை சேர்த்தது. ‘நோவா நடவடிக்கை’ என்று பத்திரிகைகள் கொண்டாடின. அதே கரிபா ஏரி டோங்கா இன மக்கள் சுமார் 57,000 பேரை வீடிழக்கச் செய்தது. அவர்களைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் எழுதவில்லை.

கரிபாவின் புகழ் அட்லாண்டிக்கைத் தாண்டியது. அஃபோபாகாவில் நீர் ஏறத் தொடங்கியதும், பாஸ்டனைத் தளமாகக் கொண்டு இயங்கிய சர்வதேச விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஜான் வால்ஷ் என்ற இளைஞரைச் சூரினாமுக்கு அனுப்பியது. மாசசூசெட்ஸில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தில் பணியாற்றியவர் அவர். மழைக்காட்டைக் கண்டதில்லை. அவரை வழிநடத்தியவர்கள் அந்த ஆற்றையும் காட்டையும் உள்ளங்கைபோல் அறிந்த, தப்பியோடிய அடிமைகளின் வழிவந்த மரூன் ஆட்கள்தான். தங்கள் ஊர்களே மூழ்கிக்கொண்டிருக்க, அவர்கள் வள்ளங்களில் ஏறி விலங்குகளைத் தேடிப் போனார்கள். அவர்கள் மொழியில் காட்டு விலங்கைக் குறிக்கும் சொல்லே முயற்சிக்குப் பெயராயிற்று: குவாம்பா நடவடிக்கை.

மோட்டார் பொருத்திய வள்ளம் மூழ்கிய மரங்களுக்கிடையே நுழைய வேண்டும். நீருக்குள் மறைந்திருக்கும் கட்டை மோதினால் மோட்டார் போகும், சில வேளை படகே கவிழும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் உச்சிக் கிளைகளில் ஸ்லாத் மட்டுமா இருக்கும்? வெள்ளத்துக்குத் தப்பிய எறும்புக் கூட்டம், குளவி, தேள், பாம்பு எல்லாம் அதே கிளைகளில்தான் அடைக்கலம். ஆள் மரமேறி அவற்றுக்கிடையே கை விட வேண்டும். சாம்பல் நிற ரோமத்தில் பச்சைப் பாசி படர்ந்து, அசையாமல் சுருண்டிருக்கும் ஸ்லாத்தைப் பழக்கமில்லாத கண் கறையான் புற்றென்று நினைத்துத் தாண்டிவிடும்.

கண்டுபிடித்துவிட்டால் அது ஓடாது. ஆனால் விடவும் விடாது. நீண்டு வளைந்த நகங்கள் கிளையைச் சுற்றிப் பூட்டிக்கொள்ளும். ஒரு காலை விடுவித்து அடுத்த காலுக்குப் போவதற்குள் முதல் கால் மறுபடி பற்றியிருக்கும். முதுகுப் பக்கமிருந்து பிடித்து, ஒவ்வொரு காலாகக் கழற்ற வேண்டும். இருவிரல் ஸ்லாத் என்றால் கூர்மையான பல்லுக்கும் கவனம் வேண்டும். கழற்றியதைக் கூண்டிலோ பெட்டியிலோ போட்டு, நீர் எட்டாத கரைக்குக் கொண்டுபோய் ஒரு மரத்தில் விட்டால் வேலை முடிந்தது. அடுத்த மரம்.

ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இப்படியே நடந்தது. முடிவில் மீட்ட விலங்குகளின் எண்ணிக்கை பத்தாயிரத்தை நெருங்கியது. குரங்கு, மான், முள்ளம்பன்றி, எறும்புதின்னி, ஆமை என்று பட்டியல் நீளம். ஆனால் எண்ணிக்கையில் ஸ்லாத்களும் ஆர்மடில்லோக்களும்தான் முன்னால் நின்றன. மூவிரல் ஸ்லாத்கள் மட்டுமே ஆயிரக்கணக்கில் கிடைத்தன. இது யாரும் எதிர்பாராதது. காட்டில் நடந்துபோகும் பயணியின் கண்ணில் அரிதாகவே படும் பிராணி உண்மையில் அந்தக் காட்டின் மிகச் சாதாரணமான பாலூட்டிகளில் ஒன்று என்று தெரியவந்தது.

வால்ஷ் 1967-இல் ராபர்ட் கேனன் என்ற எழுத்தாளருடன் சேர்ந்து இந்த அனுபவத்தை நூலாக்கினார். அதில் இருந்த கணக்கை விலங்கியலாளர்கள் ஜான் ஐசன்பெர்கும் ரிச்சர்ட் தோரிங்டனும் எடுத்து ஆராய்ந்து 1973-இல் கட்டுரை வெளியிட்டார்கள். சாதாரணக் காலத்தில் எந்த விஞ்ஞானியாலும் ஒரு மழைக்காட்டின் விலங்குகளை இப்படி எண்ணிவிட முடியாது. மரத்தில் வாழும் பாலூட்டிகளின் மொத்த எடையில் பெரும்பங்கு ஸ்லாத்தினுடையது என்று அந்தக் கணக்கு காட்டியது. அதே ஆண்டுகளில் பாரோ கொலராடோ தீவில் ஆய்வாளர்கள் மாண்ட்கோமரியும் சன்க்விஸ்ட்டும் ஸ்லாத்களுக்கு ரேடியோ பட்டை கட்டிப் பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொரு ஸ்லாத்துக்கும் தனக்கென்று சில மரங்கள் உண்டு என்று கண்டார்கள். எந்த இலையை உண்ணலாம், எந்த மரத்தில் தங்கலாம் என்பதைத் தாயின் மார்பில் தொங்கியபடியே குட்டி கற்றுக்கொள்கிறது. அதாவது ஒரு ஸ்லாத்துக்குக் காடு என்பது பொதுவான பச்சை வெளி அல்ல. தாய்வழி வந்த குறிப்பிட்ட மரங்களின் தொகுப்பு.

குவாம்பாவில் மீட்ட விலங்குகளைப் பற்றிய கடினமான கேள்வி இங்கேதான் எழுகிறது. தன் மரங்களை இழந்து, முன்பின் தெரியாத மரத்தில் விடப்பட்ட ஸ்லாத் அதன்பின் என்ன ஆயிற்று? விட்ட இடத்தில் ஏற்கெனவே வாழ்ந்த ஸ்லாத்கள் அதற்கு இடம் கொடுத்தனவா? 1964-இல் அதைப் பின்தொடர்ந்து பார்க்கக் கருவியும் இல்லை, பணமும் இல்லை. கரையில் விட்டதோடு பதிவு நின்றுவிடுகிறது.

பிரேசிலின் டோகான்டின்ஸ் ஆற்றில் துகுருயி அணை 1984-இல் மூடப்பட்டபோது மீட்பு பல மடங்கு பெரிதானது. சிறிதும் பெரிதுமாகச் சுமார் 2,80,000 விலங்குகளைப் பிடித்து இடம் மாற்றினார்கள். எண் பெரிதானாலும் கேள்வி அப்படியே இருந்தது. அணை கட்டும் நிறுவனத்துக்கு மீட்புப் படகுகளின் புகைப்படம் நல்ல விளம்பரம். மூழ்கிய காட்டைப் பற்றிய பேச்சை அது மறைத்துவிடுகிறது என்று சூழலியலாளர்கள் கண்டித்தார்கள்.

விடை தேடும் முயற்சி பிரெஞ்சு கயானாவில் நடந்தது. சின்னமாரி ஆற்றின் பெத்தி சோ அணையில் 1994-இல் நீர் தேங்கத் தொடங்கியபோது, மீட்புக் குழுவோடு ஆய்வாளர்களும் இறங்கினார்கள். பிடித்த விலங்குகளை எடைபோட்டு, அளந்து, சிலவற்றுக்கு ரேடியோ பட்டை கட்டி, விட்ட பிறகும் தேடிப் போனார்கள். ஸ்லாத்களின் கர்ப்பம், பிரசவக் காலம், குட்டியின் வளர்ச்சி பற்றி அங்கே சேர்ந்த தகவல்கள் இன்றும் ஆய்வாளர்களுக்கு அடிப்படை. ஏரியின் அருகிலேயே ஒரு காட்டுப் பகுதியை விலங்குகளை விடுவதற்கென்று ஒதுக்கியதும் முக்கியமான மாற்றம். மீட்டதை எங்கே விடுவது என்று மீட்பதற்கு முன்பே யோசித்தார்கள்.

ஸ்லாத்தின் தூக்கத்தைப் பற்றிய பழைய கட்டுக்கதைகூடப் பனாமாவின் மழைக்காட்டில்தான் உடைந்தது. கூண்டில் இருந்த ஸ்லாத்களைப் பார்த்து, நாளில் பதினாறு மணி நேரம் தூங்கும் என்று எழுதிவந்தார்கள். ஆய்வாளர் நீல்ஸ் ராட்டன்போர்க்கின் குழு காட்டில் வாழும் ஸ்லாத்களின் மூளை அலைகளைச் சிறு கருவி பொருத்திப் பதிவு செய்து 2008-இல் முடிவை வெளியிட்டது. பத்து மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாகவே தூங்குகின்றன என்று தெரிந்தது.

இதற்கிடையே மீட்பு இன்னொரு திசையில் நகர்ந்தது. 1991 ஏப்ரல் 22 அன்று கோஸ்டாரிகாவின் கரீபியன் கரையைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. கவுயிதா ஊருக்கு அருகே பறவை பார்க்க வருவோருக்கான விடுதி கட்டிக்கொண்டிருந்த லூயிஸ் அர்ரோயோ, ஜூடி ஏவி தம்பதியின் கட்டடமும் சேதமானது. மறு ஆண்டு ஜனவரியில் அக்கம்பக்கத்துச் சிறுமிகள் மூவர் தாயை இழந்த மூவிரல் ஸ்லாத் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எப்படி வளர்ப்பது என்று சொல்லித்தர அன்று ஒரு கையேடும் இல்லை. பட்டர்கப் என்று பெயரிட்டு அவர்கள் வளர்த்த குட்டி பிழைத்தது. செய்தி பரவ, மின்கம்பியில் அடிபட்டவை, நாய் கடித்தவை, சாலையில் வண்டி மோதியவை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துசேர்ந்தன. விடுதி காப்பகமாயிற்று.

குட்டி வளர்ப்பது சாமானிய வேலை அல்ல. மூவிரல் ஸ்லாத் குட்டி ஆறு மாதம் வரை தாயின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பற்றிக்கொள்ள ஏதாவது இல்லாவிட்டால் அது அலறும். அதனால் காப்பகங்களில் பஞ்சுப் பொம்மையையோ சுருட்டிய துண்டையோ கொடுக்கிறார்கள். ஆட்டுப்பாலை ஊசி இல்லாத சிரிஞ்சில் துளித்துளியாகப் புகட்டுகிறார்கள். அவசரப்பட்டால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். பிறகு செக்ரோபியா மரத்தின் இளந்தளிர், இடையிடையே செம்பருத்திப் பூ. சிவந்த இதழைக் கண்டால் மெதுவாகத் தலையைத் திருப்பி, கண்ணை மூடி மென்று தின்னும். தாய் காட்டித்தந்திருக்க வேண்டிய இலைகளை வளர்ப்பவர்கள் காட்டிலிருந்து பறித்துவந்து ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். பழகாத குட்டியைக் காட்டில் விட்டால் பசியில் சாகும். 1970-களில் பாரோ கொலராடோ தீவில் கிடைத்த அறிவு இப்படித்தான் ஒரு பால் சிரிஞ்சு வரை வந்துசேர்ந்தது.

சூரினாமிலும் இதே போன்ற தொடக்கம். பரமரிபோவில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய மோனிக் பூல், 2005-இல் காணாமல்போன தன் நாயைத் தேடி விலங்குக் காப்பகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அங்கே தாயில்லாத ஸ்லாத் குட்டி ஒன்று இருப்பதும், அதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதும் தெரிந்தது. அதை வாங்கி வளர்த்தார். அதே ஆண்டு ‘பசுமை மரபு நிதியம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். நகரத்தின் தோட்டங்களிலும் சாலையோரங்களிலும் வழி தவறிய ஸ்லாத்களைப் பற்றி அவருக்கே தகவல் வரத் தொடங்கியது.

2012 அக்டோபரில் நகரின் விளிம்பில் பத்து ஹெக்டேருக்கும் குறைந்த ஒரு காட்டுத் துண்டை வெட்டப் போவதாக அவருக்குத் தெரிந்தது. அங்கே பதினான்கு ஸ்லாத்கள் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். மரங்கள் சாயச் சாய, உச்சிக் கிளைகளுக்குள் தேடியவர்களுக்கு ஸ்லாத்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. இறுதியில் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. சுற்றிலும் வீடுகள் பெருகிக் காடு அழிந்தபோது அந்தச் சிறு துண்டில்தான் எல்லாம் வந்து அடைந்திருந்தன. பலவற்றுக்கு உடலில் சத்தே இல்லை. பெண் ஸ்லாத்களின் மார்பில் குட்டிகள். மோனிக் பூலின் வீடே மருத்துவமனையாயிற்று; அறைகளிலும் தோட்டத்து மரங்களிலும் ஒரே சமயத்தில் ஐம்பது வரை தங்கின. தன்னார்வலர்கள் இலை பறிக்கவும் காவல் இருக்கவும் முறை வைத்துக்கொண்டார்கள். தேறியவற்றைப் பெட்டிகளில் ஏற்றி நகருக்கு வெளியே பாதுகாப்பான காட்டில் விட்டார்கள்.

1964-க்கும் 2012-க்கும் இடையே நிறைய மாறிவிட்டது. அன்று ஏறியது ஏரி நீர். இன்று ஏறுவது வீட்டுமனை, மேய்ச்சல் நிலம், சாலை. சூரினாமின் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இன்னும் காடுதான்; உலகில் காட்டின் விகிதம் மிக அதிகமான நாடுகளில் ஒன்று இது. ஆனால் மக்கள் நெருங்கி வாழும் கரையோரத்தில் காடு துண்டு துண்டாக உடைகிறது. ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே சாலையோ வேலியோ குறுக்கிட்டால் ஸ்லாத்துக்கு அது கடக்க முடியாத தூரம். தரையில் இறங்கினால் நாய். கம்பியில் போனால் மின்சாரம்.

அதனால் மீட்பவர்களின் வேலையும் மெல்ல இடம் மாறியிருக்கிறது. கோஸ்டாரிகாவில் விலங்கியலாளர் ரெபெக்கா கிளிஃப் தொடங்கிய ஸ்லாத் பாதுகாப்பு அறக்கட்டளை, தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலங்கள் கட்டித் தருகிறது. ஸ்லாத் உண்ணும் மரங்களின் கன்றுகளை வீட்டுக்காரர்களிடம் கொடுத்து நடச் சொல்கிறது. பாலத்தில் ஸ்லாத் மட்டும் போவதில்லை. குரங்கும் ஒப்போஸமும் போகின்றன. 2021-இல் கோஸ்டாரிகா தன் நாட்டின் இரண்டு ஸ்லாத் இனங்களையும் தேசியச் சின்னமாக அறிவித்தது. குவாம்பாவை நடத்திய சங்கம் 1981-இல் இன்னொன்றோடு இணைந்து, இன்று உலக விலங்குப் பாதுகாப்பு அமைப்பு என்ற பெயரில் இயங்குகிறது. அமேசான் ஆற்றங்கரைகளில் பயணிகள் கட்டிப்பிடித்துப் படம் எடுப்பதற்காக ஸ்லாத்களைக் காட்டிலிருந்து பிடித்துவரும் தொழிலை அது 2017-இல் அம்பலப்படுத்தியது. அப்படிப் பிடிபட்டவை அதிக நாள் உயிரோடு இருப்பதில்லை.

பனாமாவில் ஊர் மக்களே காவலர்களான சம்பவமும் உண்டு. எஸ்குதோ தே வெராகுவாஸ் என்ற சிறு தீவில் மட்டும் வாழும் குள்ள மூவிரல் ஸ்லாத்தை 2001-இல்தான் தனி இனமாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். கடல் மட்டம் உயர்ந்து அந்தத் தீவு ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன் நிலப்பகுதியிலிருந்து பிரிந்தபின் உருவில் சிறுத்த இனம் அது. 2013 செப்டம்பரில் அமெரிக்கக் காட்சியகம் ஒன்று, காப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்வதற்கென்று சிலவற்றைப் பிடித்து விமானத்தில் ஏற்ற முயன்றது. பொகாஸ் தெல் தோரோ ஊர் மக்கள் விமான நிலையத்துக்கு வந்து வழி மறித்தார்கள். ஸ்லாத்கள் நாட்டைவிட்டுப் போகவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய மீட்பு நீதிமன்றத்தில் நடந்தது. 1990-களில் சூரினாம் அரசு சரமாகா மக்களின் காட்டில் மரம் வெட்டும் உரிமங்களை வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கொடுத்தது. ஏரியால் ஏற்கெனவே ஒரு பகுதியை இழந்த மக்கள் இந்த முறை சும்மா இருக்கவில்லை. ஊர்த் தலைவர்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். தங்கள் நிலத்தின் எல்லைகளைத் தாங்களே வரைபடமாக்கினார்கள். 2000-இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்தில் மனு கொடுத்தார்கள். 2007 நவம்பர் 28 அன்று அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது: நிலத்தின் மீது அவர்களுக்குக் கூட்டு உரிமை உண்டு, பெரிய திட்டம் எதுவானாலும் முன்கூட்டித் தெரிவித்து அவர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும். அஃபோபாகா அணையால் தொடரும் பாதிப்பையும் அவர்கள் முறையிட்டிருந்தார்கள். வழக்கின் வரம்புக்குள் அது வரவில்லை என்று நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. அந்த இழப்புக்கு இன்றுவரை நீதி இல்லை.

வழக்கை முன்னின்று நடத்திய வான்சே எடுவார்ட்ஸ், ஹியூகோ யாபினி ஆகிய இருவருக்கும் 2009-இல் கோல்ட்மன் சூழலியல் விருது கிடைத்தது. அவர்கள் போராடிக் காத்த காடு சுமார் 9,000 சதுர கிலோமீட்டர். வள்ளமேறி மரம் மரமாக மீட்டெடுத்த ஸ்லாத்களைப்போல் எத்தனையோ மடங்கு ஸ்லாத்கள் அந்தக் காட்டில் யார் கண்ணிலும் படாமல், யாரும் தொடாமல், தங்கள் தாய் காட்டிய மரங்களிலேயே வாழ முடியும். ஸ்லாத்தின் பெயர் தீர்ப்பில் எங்கும் இல்லை. நிலத்தின் மீதான மனிதரின் உரிமைதான் அங்கே வாதம். ஆனால் ஸ்லாத்துக்குத் தேவையான ஒரே பொருளான வெட்டப்படாத காட்டை அந்த வாதம் பெற்றுத்தந்தது.

தீர்ப்பை முழுதாக நிறைவேற்றுவதில் சூரினாம் அரசு ஆண்டுக்கணக்கில் பின்தங்கியே இருக்கிறது. கூட்டு நில உரிமையைச் சட்டமாக்கும் வரைவுகள் நாடாளுமன்றத்தில் எழுவதும் அடங்குவதுமாக இருக்கின்றன. தங்கம் தோண்டுவோரும் மர வியாபாரிகளும் அந்தச் சட்டத்துக்காகக் காத்திருப்பதில்லை. சாலை போட்டுக்கொண்டு உள்ளே வருகிறார்கள். சரமாகா தலைவர்கள் ஒவ்வொரு புது உரிமத்தையும் எதிர்த்து மனு கொடுத்துவருகிறார்கள். பரமரிபோவில் மோனிக் பூலின் அமைப்புக்கு ஸ்லாத் பற்றிய தொலைபேசி அழைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன.